ஆன்லைன் சிறு கடைக்கு ஒரு மெயில் பட்டியல்: முகவரி கேட்பதற்கு முன் யோசிக்க வேண்டியவை

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் வீடியோ போட்டுப் புடவையும் மசாலாப் பொடியும் விற்றுக்கொண்டிருந்த சிறு வியாபாரிகளுக்கு ஆயிரக்கணக்கில் பின்தொடர்பவர்கள் இருந்தார்கள். தடைக்குப் பிறகு அவர்களிடம் "இனி எங்களை இன்ஸ்டாகிராமில் பாருங்கள்" என்று சொல்லக்கூட வழியில்லை. அடுத்த ஆண்டு அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஆறு மணி நேரம் போல முடங்கின. நம் நேரப்படி இரவு ஒன்பது மணிக்கு மேல், அதாவது ஆன்லைனில் சேலை பார்ப்பவர்கள் சாவகாசமாக உட்காரும் நேரம்.

மின்னஞ்சலுக்கு இந்த ஆபத்து குறைவு. 1971-ல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதல் மெயிலை அனுப்பியதிலிருந்து இன்றுவரை அதை எந்த ஒரு நிறுவனமும் சொந்தமாக்கிக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர் ஜிமெயிலில் இருக்கலாம், நீங்கள் ஸோஹோவில் இருக்கலாம், கடிதம் போய்ச் சேரும். மெயில் அனுப்பும் சேவை பிடிக்கவில்லை என்றால் பட்டியலை இறக்கிக்கொண்டு வேறொரு சேவைக்குப் போய்விடலாம். இன்ஸ்டாகிராம் ஃபாலோயர்களை அப்படி எடுத்துக்கொண்டு போக முடியாது.

இந்த ஒரு காரணத்தைக் கேட்டவுடனேயே பலர் ஓடிப்போய் முகவரி சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பழைய பில்கள், போனில் உள்ள தொடர்புகள், கல்லூரித் தோழர்கள், கண்காட்சியில் வாங்கிய விசிட்டிங் கார்டுகள் எல்லாவற்றையும் ஒரு எக்செல் கோப்பில் கொட்டி, தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரே அடியாக ஆஃபர் மெயில் அனுப்புகிறார்கள். பாதி திரும்பி வரும், மீதியில் பெரும்பகுதி ஸ்பேமுக்குப் போகும். பிறகு "இந்தக் காலத்தில் யார் மெயில் பார்க்கிறார்கள்?" என்று முடிவுக்கு வருவார்கள். பட்டியலை எப்படித் திட்டமிடுவது என்பதை ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். மதுரையில் ஒரு வீட்டின் மாடியறையிலிருந்து சுங்குடிச் சேலை விற்கும் கற்பனைக் கடை அது. ஆர்டர்கள் இன்ஸ்டாகிராம் டிஎம்மிலும் வாட்ஸ்அப்பிலும் வருகின்றன, பணம் ஜிபேயில், பார்சல் கூரியரில். சிறியதாக ஒரு இணையதளமும் உண்டு.

எல்லாருக்கும் தேவையா?

இல்லை. சுற்றியுள்ள நான்கு தெருக்களுக்கு இட்லி மாவு கொடுப்பவருக்கு வாட்ஸ்அப் போதும், மெயில் வீண் வேலை. நம் ஊரில் கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பேச்சு வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது என்பதை மறுத்துப் பயனில்லை. ஆனால் சாதாரண வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். "அனுப்பினேன், வரவில்லை என்கிறார்கள்" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மெயில் பலன் தரும் இடங்கள் வேறு. வாடிக்கையாளர் தூரத்தில் இருந்தால், அதிலும் வெளிநாட்டில் இருந்தால். ஒருமுறை வாங்கியவர் மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்துத் திரும்ப வாங்கக்கூடிய பொருளாக இருந்தால். பொருளைப் பற்றிக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தால். சுங்குடி இந்த மூன்றுக்கும் பொருந்துகிறது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது எது, புள்ளிகளை அச்சிட்டது எது, இரண்டுக்கும் ஏன் இவ்வளவு விலை வித்தியாசம் என்பதை ஒரு ரீலில் சொல்லி முடிக்க முடியாது. சிங்கப்பூரிலும் டல்லாஸிலும் இருப்பவர்கள் அலுவலக நேரத்தில் மெயில் பெட்டியைத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு வாக்கியம்

மென்பொருள், வடிவமைப்பு, பெயர் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது ஒரே ஒரு வாக்கியம். முகவரி கேட்கும் இடத்தில் நீங்கள் எழுதப்போகும் வாக்கியம். யாருக்கு, எதை, எத்தனை நாளுக்கு ஒருமுறை அனுப்புவீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும்.

"எங்கள் நியூஸ்லெட்டரில் இணையுங்கள்" என்பதில் இது எதுவுமே இல்லை. "புதுச் சுங்குடிச் சேலைகள் சாயப்பட்டறையிலிருந்து வந்ததும், இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு ஒரு நாள் முன்பே உங்களுக்குக் காட்டுகிறோம், மாதம் இரண்டு மெயிலுக்கு மேல் வராது" என்று எழுதிப் பாருங்கள். படிப்பவருக்குத் தனக்கு என்ன கிடைக்கும் என்று தெரிகிறது. அதைவிட, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெளிவாகிவிடுகிறது. மாதம் இரண்டு மெயில், புதுச் சரக்கு, ஒரு நாள் முன்பு. பட்டியல் தொடர்பான மற்ற முடிவுகள் அனைத்தும் இதிலிருந்தே பிறக்கும். என்ன தகவல் கேட்பது, எப்படிப் பிரிப்பது, எப்போது அனுப்புவது, எதை அனுப்பக் கூடாது என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்த வாக்கியத்திடம் போய் நில்லுங்கள்.

"முதல் ஆர்டருக்கு 10 சதவீதம் தள்ளுபடி, மெயில் கொடுங்கள்" என்பதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். அதனால் பெயர்கள் வேகமாகச் சேரும், உண்மைதான். ஆனால் கூப்பனுக்காகவே வைத்திருக்கும் மெயில் ஐடியைக் கொடுத்துவிட்டு, கூப்பனைப் பயன்படுத்தியபின் எட்டிக்கூடப் பார்க்காதவர்களும் சேர்ந்துவிடுவார்கள். சிறு கடைக்கு லாபமே மெல்லியது. தள்ளுபடி கொடுத்து ஆள் சேர்ப்பதைவிட முன்கூட்டியே பார்க்கும் வாய்ப்பைக் கொடுப்பது மேல். கை முடிச்சுச் சுங்குடி ஒரு நிறத்தில் நாலைந்துதான் வரும். அதை முதலில் பார்ப்பதற்கே மதிப்பு இருக்கிறது.

சம்மதம் ஏன் இவ்வளவு முக்கியம்?

1978 மே 3 அன்று டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துயர்க், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் கிட்டத்தட்ட 400 பேருக்குக் கேட்காமலே ஒரு விளம்பர மெயில் அனுப்பினார். உலகின் முதல் ஸ்பேம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். திட்டு ஏராளமாக விழுந்தது. விற்பனையும் நடந்தது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். அந்த விற்பனைதான் இன்றுவரை எல்லாரையும் இழுக்கும் ஆசை. அன்று ஸ்பேம் வடிகட்டி கிடையாது, இன்று இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் மெயில் அனுப்புவோருக்கான விதிகளை இறுக்கின. "இது ஸ்பேம்" என்று மக்கள் அழுத்தும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1-க்குக் கீழே வைத்திருப்பது நல்லது என்கிறது கூகுள். சின்னப் பட்டியலில் இதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 300 ஜிமெயில்காரர்களுக்கு அனுப்பி, அதில் ஒரே ஒருவர் எரிச்சலில் அந்தப் பொத்தானை அழுத்தினால் விகிதம் 0.33. ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோருக்குத்தான் இந்த விதிகள் முழுமையாகப் பொருந்தும் என்றாலும், வடிகட்டி சின்னக் கடையையும் இதே கண்ணால்தான் பார்க்கிறது. "எனக்கு ஏன் இந்த மெயில் வந்தது?" என்று ஒருவர்கூடக் கேட்காத பட்டியல் வேண்டும் என்பது இதனால்தான். ஐம்பதே பேர் இருந்தாலும் ஐம்பது பேரும் கேட்டு வந்தவர்களாக இருக்கட்டும்.

காசு கொடுத்து வாங்கும் பட்டியல்களைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. லட்சம் ஐடி, சல்லிசான விலை என்று விற்பார்கள். அதில் ஸ்பேம் அனுப்புவோரைப் பிடிப்பதற்கென்றே விட்டுவைக்கப்பட்ட பொறி முகவரிகள் கலந்திருக்கும். மனிதர் யாரும் பயன்படுத்தாத அந்த முகவரிக்கு மெயில் வந்தால், அனுப்பியவர் சம்மதம் வாங்கவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்துவிடும். உங்கள் டொமைன், அதாவது கடையின் இணைய முகவரிப் பெயர், கரும்பட்டியலில் ஏறினால் பில்லும் பார்சல் எண்ணும்கூட வாடிக்கையாளருக்குப் போய்ச் சேராது.

சட்டமும் இருக்கிறது. இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிக் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலோ படிக்கும் வசதி தர வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. ஆகவே படிவத்தைத் தமிழில் வைக்க இது இன்னொரு காரணம். ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ சேலை அனுப்புகிறீர்கள் என்றால் 2018 மே 25 முதல் நடப்பில் உள்ள ஐரோப்பியத் தரவுச் சட்டமும் பொருந்தக்கூடும். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் விளம்பர மெயிலில் உங்கள் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், விலக நினைப்பவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும். அவர்களுடைய சட்டம் 2003-ல் இயற்றப்பட்டது. ஊருக்கு ஊர் விதி மாறினாலும் நடைமுறையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். யார், எந்த நாளில், எந்த இடத்தில், என்ன வாக்கியத்தைப் படித்துவிட்டு முகவரி கொடுத்தார் என்பது உங்கள் பதிவில் இருக்க வேண்டும். மெயில் சேவைகள் நாளையும் இடத்தையும் தாமே குறித்துவைக்கும். கண்காட்சியில் நோட்டில் எழுதி வாங்கினால் நீங்கள்தான் குறிக்க வேண்டும்.

பெயர்கள் எங்கிருந்து வரும்?

நம் சுங்குடிக் கடைக்கு ஒரு சிக்கல் உண்டு. டிஎம்மில் ஆர்டர், ஜிபேயில் பணம் என்பதால் வாங்குபவரின் போன் எண் இருக்கும், வீட்டு முகவரி இருக்கும், மெயில் ஐடி இருக்காது. எனவே ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து தொடங்குவதற்குப் பார்சலே சிறந்த வழி. சேலையின் மேல் ஒரு சிறு அட்டை, அதில் ஒரு க்யூஆர் கோடு, அதன் கீழே: "இந்தச் சேலையை முதல்முறை துவைக்கும் முன் படியுங்கள். சாயம் ஏன் கொஞ்சம் போகும், உப்புத் தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊறவைக்கலாம், ஏன் நிழலில் காயப்போட வேண்டும் என்று எழுதியிருக்கிறோம்." அந்த க்யூஆரை ஸ்கேன் செய்தால் அந்தக் குறிப்பு திறக்கும். குறிப்புக்கு அடியில் படிவமும் உங்கள் வாக்கியமும். குறிப்பைப் படிக்க மெயில் ஐடி கட்டாயம் என்று பூட்டி வைக்காதீர்கள். சேலைக்குக் காசு கொடுத்தவரிடம் துவைக்கும் முறைக்கும் விலை கேட்பது அழகில்லை.

இணையதளத்தில் ஆர்டர் செய்பவர்கள் பில்லுக்காக மெயில் கொடுப்பார்கள். அது பில்லுக்காகக் கொடுத்தது. ஆர்டர் உறுதி, பார்சல் எண், பணம் திரும்பிய தகவல் ஆகியவற்றை அதற்கு அனுப்பலாம். புதுச் சரக்கு மெயில் அனுப்பத் தனியாகக் கேட்க வேண்டும். அதற்கான கட்டத்தை முன்கூட்டியே டிக் செய்து வைக்காமல் வெறுமையாக விடுங்கள். விருப்பமிருந்தால் அவரே டிக் செய்வார். இன்ஸ்டாகிராம் பயோவில் ஒரு இணைப்பு, வாட்ஸ்அப் கேட்டலாகின் கீழே ஒரு வரி ஆகியவையும் உதவும்.

படிவத்தில் என்ன கேட்பது? மெயில், பெயர், இருக்கும் நாடு. இந்த மூன்று போதும். பிறந்தநாள், போன் எண், திருமண நாள் என்று அடுக்கினால் பாதிப் பேர் நடுவிலேயே மூடிவிடுவார்கள், மீதிப்பேரின் தகவலைப் பாதுகாக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். பெயர்க் கட்டத்தில் நம்மவர்களுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. மென்பொருள்கள் முதல் சொல்லைப் பெயர் என்றும் அடுத்ததைக் குடும்பப் பெயர் என்றும் எடுத்துக்கொள்ளும். "கே. மீனாட்சி" என்று ஒருவர் எழுதினால் அவருக்குப் போகும் மெயில் "வணக்கம் கே.," என்று தொடங்கும். கணவர் பெயரையோ அப்பா பெயரையோ முன்னால் போடுபவருக்கு வரும் மெயில் அந்தக் கணவரையோ அப்பாவையோ அழைக்கும். ஆகவே "பெயர்" என்று கேட்காமல் "உங்களை எப்படி அழைக்கலாம்?" என்று ஒரே கட்டமாக வைத்துவிட்டால் "மீனாட்சி" என்றோ "மீனா" என்றோ அவரே எழுதிக்கொடுப்பார்.

முகவரி கொடுத்ததும் "உறுதிசெய்ய இங்கே அழுத்துங்கள்" என்று ஒரு மெயில் அனுப்பி, அழுத்தியவரை மட்டும் சேர்க்கும் ஏற்பாடு எல்லாச் சேவைகளிலும் இருக்கிறது. இதனால் கொஞ்சம் பேர் குறைவார்கள். ஆனால் அவசரத்தில் "ஜிமியல்" என்று தப்பாக அடித்த முகவரிகளும், வேறொருவர் முகவரியை விளையாட்டாகக் கொடுத்தவர்களும் உள்ளே வர மாட்டார்கள். அட்டையைப் பார்த்து போனில் தட்டச்சு செய்பவர்களே அதிகம் என்பதால் நம் கடைக்கு இதை வைத்துக்கொள்வதே சரி.

அனுப்பும் முகவரி

உங்கள் ஜிமெயிலிலிருந்தே, பெறுபவர்கள் ஒருவர் முகவரியை ஒருவர் பார்க்க முடியாத பிசிசி கட்டத்தில் எல்லாரையும் போட்டு அனுப்பலாமே என்று தோன்றும். தனிநபர் ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் வரம்பு, விலகும் பொத்தான் கிடையாது. கை தவறி பிசிசிக்குப் பதில் சிசியில் போட்டுவிட்டால் எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

கடையின் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, அதிலிருந்து அனுப்புங்கள். ஏற்கெனவே இணையதளம் இருந்தால் டொமைனும் இருக்கிறது. டொமைனின் விவரங்களைப் பதிந்துவைக்கும் டிஎன்எஸ் அமைப்பில் மூன்று பதிவுகளைச் சேர்க்க வேண்டும். எஸ்பிஎஃப் என்பது, இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்தச் சேவைகளுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல். டிகேஐஎம் ஒவ்வொரு மெயிலிலும் ஒரு கணினிக் கையொப்பத்தை இட்டு, வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும். இந்த இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறும் பக்கத்துக்குச் சொல்வது டிமார்க். மூன்றும் எழுத்து வரிகள்தான். மெயில் சேவை தருவதை நகலெடுத்து டொமைன் வாங்கிய தளத்தில் ஒட்ட வேண்டும். பழகாதவருக்கு அரை மணி நேர வேலை. முன்பு இதெல்லாம் விருப்பமிருந்தால் செய்யலாம் என்றிருந்தது. 2024-க்குப் பிறகு இது இல்லாமல் தொடங்குவதில் பொருளே இல்லை.

சேவைகளில் மெயில்சிம்ப், பிரெவோ, மெயிலர்லைட், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் கேம்பெயின்ஸ் ஆகியவை சிறு கடைகள் அதிகம் பயன்படுத்துபவை. இலவச வரம்புகள் அடிக்கடி மாறும், அன்றைய விலைப்பக்கத்தைப் பாருங்கள். பார்க்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில சேவைகள் பட்டியலில் உள்ள பெயர்களின் எண்ணிக்கைக்குக் காசு வாங்கும். பிரெவோ போன்றவை அனுப்பும் மெயில்களின் எண்ணிக்கைக்கு. மாதம் இரண்டே மெயில் அனுப்பும் கடைக்குப் பின்னது மலிவாக முடியலாம்.

பிரித்து வைப்பது

கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் பட்டியல் எழுதும்போது, நேரில் போய்க் கொடுக்க வேண்டியவர்கள், தபாலில் அனுப்பினால் போதும் என்பவர்கள், அலுவலகத்தில் மொத்தமாக ஒன்று என்று பிரித்துத்தானே எழுதுகிறோம்? மெயில் பட்டியலுக்கும் அந்தப் பிரிவினை வேண்டும், ஆனால் இரண்டு கோடுகளுக்கு மேல் வேண்டாம். ஒன்று, வாங்கியவர், வாங்காதவர். இன்னொன்று, உள்நாடு, வெளிநாடு.

இரண்டாவது கோடு ஏன் என்று தீபாவளி சொல்லும். திருநெல்வேலிக்குக் கூரியர் இரண்டு மூன்று நாளில் போய்விடும். வெளிநாட்டுக்குத் தபாலில் போகும் பார்சல் இரண்டு மூன்று வாரம்கூட எடுக்கலாம், சுங்கத்தில் நின்றால் இன்னும் தள்ளும். எல்லாருக்கும் ஒரே நாளில் "தீபாவளிச் சேலைகள் வந்துவிட்டன" என்று அனுப்பினால் வெளிநாட்டுக்காரருக்கு அது பண்டிகை முடிந்தபின் கிடைக்கும் சேலை. அவர்களுக்கான மெயில் ஒரு மாதம் முன்னதாகவே, "இந்தத் தேதிக்குள் ஆர்டர் செய்தால் தீபாவளிக்குள் வந்து சேர வாய்ப்புண்டு" என்ற வரியோடு போக வேண்டும். ஆடித் தள்ளுபடி என்ற சொல்லே உள்ளூர்க்காரருக்குத்தான் பரபரப்பு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆண்டு முழுக்கப் புழுக்கம். அங்கே பருத்திக்குப் பருவம் பார்க்க வேண்டியதில்லை.

இந்தக் காரணத்துக்காகத்தான் படிவத்தில் நாட்டைக் கேட்டோம். பயன்படுத்தப் போகாத எதையும் கேட்காதீர்கள் என்பதன் மறுபக்கம் இது.

என்ன எழுதுவது?

சேர்ந்த உடனே தானாகப் போகும் முதல் மெயிலை முதலில் எழுதி வையுங்கள். அந்த நேரத்தில்தான் உங்கள் கடை அவர் நினைவில் இருக்கிறது. பெரிய வடிவமைப்பு வேண்டாம்:

"வணக்கம் மீனாட்சி. சேர்ந்ததற்கு நன்றி. மாதம் இரண்டு மெயில் வரும். ஒன்று, சாயப்பட்டறையிலிருந்து வந்த புதுச் சேலைகள். இன்னொன்று, சுங்குடியைப் பற்றி ஏதாவது. உங்களுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள், அடுத்த தடவை சாயம் போடும்போது மனதில் வைத்துக்கொள்கிறோம்."

அந்தக் கடைசி வரியில் இரண்டு லாபம். உண்மையிலேயே நிறம் தெரியவரும். ஒருவர் பதில் எழுதினால், இது தெரிந்தவரிடமிருந்து வரும் கடிதம் என்பதற்கு மெயில் சேவைக்கும் ஒரு அடையாளம் கிடைக்கிறது. "இந்த முகவரிக்குப் பதில் அனுப்பாதீர்கள்" என்று பெரிய வங்கிகள் போடுவதைப் பார்த்துச் சிறு கடையும் போடுவது வேடிக்கை. பேசுவதற்கு ஆள் இருப்பதுதான் சிறு கடையின் பலமே.

அதன் பிறகு தையில் தொடங்கி மாதத்துக்கு இரண்டு வரி வீதம் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பொங்கல், சித்திரைத் திருவிழா, ஆடி, தீபாவளி, கார்த்திகை என்று விற்பனை மெயில்கள் தாமாகவே இடம் பிடித்துவிடும். இடைப்பட்ட மாதங்களில் எழுத விஷயம் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. முடிச்சை அவிழ்த்ததும் துணியில் நிற்கும் சுருக்கத்தை இஸ்திரி போட்டுப் போக்கக் கூடாதா, பழைய சுங்குடியைச் சுடிதாராகத் தைக்கலாமா, கஞ்சி போடுவது எப்படி, ஒரு சேலைக்கு முடிச்சுப் போட எத்தனை நாள் ஆகிறது. வாடிக்கையாளர்கள் டிஎம்மில் கேட்ட கேள்விகளைத் திரட்டினாலே ஓராண்டுக்கு ஓடும். ஆறு மாதத்துக்குக்கூட விஷயம் சேரவில்லை என்றால் வாக்கியத்தில் "மாதம் ஒன்று" என்று மாற்றிவிடுங்கள்.

தமிழில் எழுதும்போது

போஸ்டர் செய்து அந்தப் படத்தை மட்டும் மெயிலில் ஒட்டி அனுப்புவது நம் ஊரில் பெரிய பழக்கம். வாட்ஸ்அப்பில் அது சரி. மெயிலில் படம் தடுக்கப்பட்டிருந்தால் பெறுபவருக்கு ஒரு வெள்ளைப் பெட்டிதான் தெரியும். பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கும் அதில் படிக்க ஒன்றும் இருக்காது. சொல்ல வேண்டியதை எழுத்தாகத் தட்டச்சு செய்து, சேலையின் படத்தைத் தனியாக வையுங்கள். எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும். அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்ததை அப்படியே ஒட்டினால் அந்தப்பக்கம் ஆங்கில எழுத்துக் குப்பையாகப் போய் விழும்.

இன்னொரு நுணுக்கம். ஒரு மெயிலின் குறியீட்டு அளவு 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி, "முழுவதையும் பார்க்க" என்ற இணைப்பை வைத்துவிடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். "சேலை" என்ற இரண்டு எழுத்துச் சொல்லே பன்னிரண்டு பைட் ஆகிறது. எழுத்து மட்டும் இருந்தால் அந்த வரம்பைத் தொடவே முடியாது. ஆனால் அலங்கார டெம்ப்ளேட், வேர்டிலிருந்து நகலெடுத்ததால் கூடவே ஒட்டிக்கொண்டு வந்த வடிவக் குறிகள், பன்னிரண்டு சேலைகளுக்கும் தனித்தனிப் பெட்டி என்று சேரும்போது தாண்டிவிடும். வெட்டப்படுவது அடிப்பகுதி, "விலகிக்கொள்ள" என்ற இணைப்பு இருப்பதும் அங்கேதான். அதைத் தேடிக் காணாதவர் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார். மேலே போட்ட 0.33 கணக்கு நினைவிருக்கட்டும்.

தலைப்பு வரியில் தமிழ் எழுத்துகள் அகலமாக இடம் பிடிக்கும். போன் திரையில் நாலைந்து சொற்கள் தெரிந்தால் அதிகம். "எங்கள் அன்பான வாடிக்கையாளர்களுக்கு இனிய" என்பதோடு திரை முடிந்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? "மயில்கழுத்து நிறத்தில் ஐந்து சேலைகள்" என்று விஷயத்தை முன்னால் வையுங்கள்.

எதை எண்ணுவது?

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணைத்தான் எல்லாச் சேவைகளும் முகப்பில் காட்டும். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். மெயிலில் ஒளிந்திருக்கும் ஒரு சிறு படம் இறங்கினால் திறந்ததாகக் கணக்கு. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15-உடன் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, ஆப்பிளின் மெயில் செயலியில் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. படிக்காதவரும் படித்தவராகத் தெரிவார். இணைப்பை அழுத்தியவர்கள், பதில் எழுதியவர்கள், வாங்கியவர்கள் என்ற மூன்றும்தான் பயன்படும் எண்கள். டிஎம்மில் வரும் ஆர்டர் எந்த மெயிலால் வந்தது என்று தெரிய, அந்த மெயிலில் மட்டும் ஒரு சொல்லைக் கொடுத்து, "ஆர்டர் செய்யும்போது 'மயில்கழுத்து' என்று சொல்லுங்கள்" என்று போட்டால் போதும். மென்பொருள் எதுவும் வேண்டாம்.

முகவரியே இல்லை என்று திரும்பி வருபவற்றைச் சேவை தானாக நீக்கிவிடும். பெட்டி நிறைந்துவிட்டது போன்ற தற்காலிகக் காரணங்களால் திரும்பியவை சில முறை முயற்சிக்குப் பிறகு நீக்கப்படும். ஆறு மாதமாக எதையும் அழுத்தாதவர்களுக்கு, "இன்னும் அனுப்பவா?" என்று ஒரே ஒரு மெயில். அதற்கும் சத்தமில்லை என்றால் எடுத்துவிடுங்கள். கஷ்டப்பட்டுச் சேர்த்த பெயரை நீக்க மனம் வராது. ஆனால் படிக்காதவர்களுக்குத் தொடர்ந்து அனுப்புவது, படிப்பவர்களுக்கும் உங்கள் மெயில் போய்ச் சேராமல் செய்துவிடும்.

மாதக் கடைசியில் பட்டியலை, எக்செலில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்கி, கடவுச்சொல் போட்ட இடத்தில் வையுங்கள். அதில் முகவரியோடு சேர்ந்த நாள், சேர்ந்த இடம், விலகியவர்களின் பெயர்கள் ஆகியவையும் இருக்க வேண்டும். விலகியவர்களின் பட்டியலை விட்டுவிட்டுப் புதுச் சேவைக்கு மாறினால், போன வருடம் வேண்டாம் என்று போனவருக்கு மறுபடியும் மெயில் போகும்.